உறுமல் நிற்கட்டும் என்று எர்த் வயரை வெட்டாதீர்கள்

தோட்டத்துக் கோயில்களில் திருவிழாக் காலம் தொடங்கினால் ஹட்டனில் என் மேசை முழுக்க அம்பிளிபயர்கள்தான். இந்த வாரம் வந்த ஒன்றின் பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன். பச்சையும் மஞ்சளுமான எர்த் வயரை வெட்டி, நுனியில் டேப் சுற்றி உள்ளே மடித்து வைத்திருக்கிறார்கள். "எர்த் கொடுத்தால் உறுமுகிறது அண்ணன்" என்றார் கொண்டுவந்த தம்பி. வருடா வருடம் இதே பதில். சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது.

எர்த் வயர் உறுமலைக் கொண்டுவருவதில்லை. மைக்குகளின் சத்தத்தைக் கலக்கும் மிக்சரை மேடையருகே ஒரு பிளக் பொயிண்டில் செருகுகிறீர்கள். அம்பிளிபயரை மடப்பள்ளியில் வேறொன்றில். இரண்டு இடத்து எர்த்துக்கும் இடையே சிறிய வோல்ட் வித்தியாசம் இருக்கும். அவற்றை ஓடியோ கேபிளால் இணைத்ததும் கேபிளுக்குள் வயரைச் சுற்றியிருக்கும் கம்பிவலை வழியாக 50 ஹேர்ட்ஸ் மின்னோட்டம் சுற்றத் தொடங்கிவிடும். உறுமுவது அந்தச் சுற்றுத்தான். எர்த்தை வெட்டினால் சுற்று அறுந்து சத்தம் நிற்கும் என்பது உண்மை. அதனால்தான் இந்த வைத்தியம் ஊருக்கு ஊர் பரவுகிறது.

ஆனால் நீங்கள் வெட்டியது உயிர் காக்கும் வயரை. உள்ளே 230 வோல்ட் வயரின் காப்பு நைந்து தகரப் பெட்டியில் பட்டால், எர்த் இருந்தால் பியூஸ் போகும், அல்லது ட்ரிப் சுவிட்ச் விழும். எர்த் இல்லாவிட்டால் பெட்டி முழுவதும் மின்சாரம் ஏறி நிற்கும். மிக்சருக்கும் இதே வைத்தியம் நடந்திருந்தால் கேபிள் வழியாக மைக் வரை போகும். மழை நனைத்த தரையில் வெறுங்காலுடன் நின்று தேவாரம் பாடும் பிள்ளையின் உதடு அந்த மைக்கில்தான் படும். "ட்ரிப் சுவிட்ச் இருக்கிறதே" என்று வாதாடுவோருக்கு: எர்த் இல்லாத பெட்டியில் அது விழுவதற்கே ஓர் ஆள் தொட்டாக வேண்டும். திருவிழாவுக்கு இழுத்த தற்காலிக லைனில் அந்தச் சுவிட்ச் இருக்கிறதா என்று யார் பார்த்தீர்கள்?

மிக்சரையும் அம்பிளிபயரையும் ஒரே பொயிண்டிலிருந்து எடுங்கள். பெரும்பாலும் உறுமல் அங்கேயே அடங்கிவிடும். தூரம் அதிகம் என்றால் மூன்று முனை பேலன்ஸ்டு கேபிள் போடுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் நடுவில் அந்த மின்னோட்டச் சுற்றை அறுக்கும் ஓடியோ ஐசொலேஷன் டிரான்ஸ்போர்மர் ஒன்று வையுங்கள். மைக் கேபிளையும் கரண்ட் வயரையும் சேர்த்துக் கட்டாதீர்கள். குறுக்கிட வேண்டுமானால் செங்குத்தாகக் கடக்கட்டும். சீரியல் பல்ப் டிமர் இருக்கும் லைனில் சவுண்ட் செட்டைச் செருகவே வேண்டாம். டிமர் கொண்டுவரும் கரகரப்பு இந்த உறுமலோடு சேராத வேறு வகை.

இன்னொரு சோதனை. இன்புட் கேபிள்களை எல்லாம் கழற்றி, வொலியூமைப் பூச்சியத்தில் வையுங்கள். அப்போதும் உறுமினால் கோளாறு பெட்டிக்குள்தான். அநேகமாகப் பவர் சப்ளையின் பெரிய கப்பாசிட்டர் காய்ந்து, தலை உப்பிப் போயிருக்கும். அதை மாற்றினால் தீர்ந்தது. தயவுசெய்து நீங்களே திறக்காதீர்கள் தம்பிமாரே. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதற்குள் மின்சாரம் தேங்கி நிற்கும்.

திருத்தக் கொண்டுவரும்போது பெட்டியை மட்டும் தூக்கிக்கொண்டு வராமல் கேபிள்களையும் மிக்சரையும் சேர்த்தே கொண்டுவாருங்கள். மழைக்காலம் முழுவதும் கோயில் அறையில் கிடந்த ஜாக் பின்களில் பச்சை பூத்திருக்கும். அதைச் சுரண்டிச் சுத்தம் செய்து, அறுந்த கம்பிவலையை மறுபடி ஈயம் வைத்து ஒட்டினாலே பல செட்டுகள் அமைதியாகிவிடுகின்றன. எர்த் வயரை நானே பூட்டித் தருகிறேன், அதற்குக் கூலி வேண்டாம்.