மச்சினனின் ரெண்டு லட்சம் எங்கே?

தாராவி 90 அடி சாலையிலிருந்து உள்ளே பிரியும் ஒரு சந்தில் முறுக்கு போடும் காலா ஒன்று இருக்கிறது. பட்டறையை மும்பையில் காலா என்பார்கள். திருநெல்வேலிப் பக்கத்து அத்தானும் மச்சினனும் பார்ட்னர்களாகச் சேர்ந்து நடத்துவது. கணக்கு எழுதுவது நான். முதல் வருடக் கணக்கைக் கொண்டுபோய்க் காட்டியபோது மச்சினன் ஒரு வரியில் விரலை வைத்தார். “என் பேர்ல ரெண்டு லட்சம் முதல்னு போட்டிருக்கீங்க. பேங்க்ல மொத்தமே தொண்ணூறாயிரம்தான் கிடக்கு. மீதி எங்க சார்?”

எண்ணெய்ச் சட்டியில் என்றேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

கேபிட்டல் கணக்கு, அதாவது முதல் கணக்கு என்றால் தன் பேரில் பூட்டி வைத்த பணப்பெட்டி என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். அதில் ஒரு ரூபாய்கூடக் கிடையாது. தொழில் எந்தப் பார்ட்னருக்கு எவ்வளவு தரவேண்டியிருக்கிறது என்ற நினைவுக் குறிப்பு அது, அவ்வளவுதான். அதனால்தான் ஐந்தொகையில் (பேலன்ஸ் ஷீட்) அது பொறுப்புகள் பக்கம் உட்கார்ந்திருக்கிறது. “நானே போட்ட பணம் எப்படிக் கடனாகும்?” என்று கேட்காத ஆள் இல்லை. கணக்கைப் பொறுத்தவரை தொழில் வேறு, முதலாளி வேறு. வேடிக்கை என்னவென்றால், சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. 1932ஆம் வருடக் கூட்டாண்மைச் சட்டப்படி, ‘ஃபர்ம்’ என்பது பார்ட்னர்கள் எல்லாரையும் சேர்த்துக் கூப்பிடும் பெயர் மட்டுமே. தனி ஆள் அந்தஸ்து வேண்டுமானால் 2008 சட்டத்தின் கீழ் எல்.எல்.பி.யாக (வரம்புடைய பொறுப்புக் கூட்டாண்மை) பதிய வேண்டும்.

பணம் எங்கே என்பதற்கு எதிர்ப்பக்கமான சொத்துப் பக்கம்தான் பதில் சொல்லும். தொகைகளைக் கட்டுரைக்காக முழு எண்களாக மாற்றியிருக்கிறேன். காலாவுக்குக் கொடுத்த டெபாசிட் 3,00,000. மெஷின், அடுப்பு, சட்டி 4,20,000. மாவு, எண்ணெய், பாக்கெட் கவர் 1,56,000. கடைக்காரர்கள் தரவேண்டிய பாக்கி 2,70,000. பேங்கில் 90,000. கூட்டினால் 12,36,000. எண்ணெய்க் கடைக்கு நாம் தரவேண்டிய ஒரு லட்சத்தைக் கழித்தால் 11,36,000. இரண்டு பேருக்கும் சேர்த்து உள்ளது இதுதான். இதில் எந்தச் சட்டி யாருடையது என்று பிரித்துக் காட்ட முடியாது.

இந்த 11,36,000 எப்படி வந்தது? அத்தான் போட்டது எட்டு லட்சம், மச்சினன் போட்டது இரண்டு. விடியற்காலை மாவு பிசைவதிலிருந்து சயான் வரை டெலிவரி போவது வரை மச்சினன் வேலை. ஆகவே டீடில், அதாவது கூட்டு ஒப்பந்தப் பத்திரத்தில், மூன்று விஷயம் எழுதியிருந்தோம்: முதலுக்கு வருடம் 12 சதவீதம் வட்டி, மச்சினனுக்கு மாதம் 20,000 சம்பளம், மிச்ச லாபம் சரிபாதி. வட்டியை 12இல் நிறுத்தியதற்குக் காரணம் உண்டு. அதற்கு மேல் போகும் வட்டியை வருமான வரிக்குச் செலவாகக் காட்ட முடியாது.

அந்த வருடம் இவற்றுக்கு முந்தைய லாபம் ஆறு லட்சம். வட்டி அத்தானுக்கு 96,000, மச்சினனுக்கு 24,000. சம்பளம் 2,40,000. மீதி 2,40,000 ஆளுக்குப் பாதி. ஆக அத்தான் கணக்கில் 2,16,000 வரவு, மச்சினன் கணக்கில் 3,84,000.

டீடு எழுதாமல் விட்டிருந்தால்? சட்டத்தின் 13ஆம் பிரிவு வந்து நிற்கும். சம்பளம் இல்லை, முதலுக்கு வட்டி இல்லை, லாபம் சரிசமம். ஆளுக்கு மூன்று லட்சம். மச்சினனுக்கு 84,000 குறைந்திருக்கும். ‘சொந்தக்காரங்களுக்குள்ள எதுக்கு எழுத்து’ என்பவர்களிடம் இந்த ஒரு தொகையைத்தான் நான் காட்டுவது.

அப்புறம் பற்று. வீட்டுச் செலவுக்கு மச்சினன் மாதம் 30,000 எடுத்தார். ஜூனில் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்துக்கு 54,000. மொத்தம் 4,14,000. அத்தான் ரொக்கமாக எடுத்தது 44,000தான். ஆனால் தீபாவளிக்கு ஊருக்குப் போகும்போது ஆறாயிரம் ரூபாய் அடக்கவிலைக்கு முறுக்கு டின்களைக் கொண்டுபோனார். அதுவும் எடுப்புதான். பேரேட்டில் பார்த்ததும், “அதையுமா எழுதுனீங்க?” என்றார்.

இந்த வரவு பற்றையெல்லாம் எங்கே எழுதுவது என்பதில் இரண்டு வழி. எல்லாவற்றையும் முதல் கணக்கிலேயே எழுதினால் அது மாறுபடும் முதல் முறை. அத்தானுக்கு 9,66,000, மச்சினனுக்கு 1,70,000 என்று முடியும். அடுத்த வருட வட்டி அந்தத் தொகைகளுக்குப் போடுவதால், எடுக்காதவர் பக்கம் ஏறிக்கொண்டே போகும். இன்னொன்று நிலை முதல் முறை. போட்ட எட்டும் இரண்டும் அசையாது. மற்றதெல்லாம் நடப்புக் கணக்கு என்ற தனிப் பக்கத்துக்குப் போகும். நான் இரண்டாவதைத்தான் போட்டுக் கொடுத்தேன். யார் எவ்வளவு போட்டார், யார் அதிகம் எடுத்தார் என்ற இரண்டு கேள்வியும் குழம்பாது.

பணமுடை வந்து ஒரு பார்ட்னர் கூடுதலாகக் கொடுக்கிறார் என்றால், முதலா கடனா என்று அன்றைக்கே கேட்டு எழுதிவிட வேண்டும். கடன் என்றால் டீடு இல்லாவிட்டாலும் சட்டம் 6 சதவீத வட்டி தரும்; தொழிலை மூடும்போது முதலுக்கு முன்னால் அது திரும்பும்.

மூடும்போதுதான் இந்தக் கணக்கின் முழு முகம் தெரியும். மச்சினனிடம் அதையும் போட்டுக் காட்டினேன். 12,36,000 மதிப்புள்ள எல்லாவற்றையும் விற்று 7,36,000தான் தேறியது என்று வைத்துக்கொள்வோம். ஐந்து லட்சம் நட்டம். அதைப் போட்ட முதல் விகிதத்தில் பிரிப்பார்கள் என்றுதான் அவர் நினைத்திருந்தார். இல்லை, லாபத்தைப் பிரிக்கும் விகிதம்தான் நட்டத்துக்கும். ஆளுக்கு 2,50,000. மச்சினனின் 1,70,000 அதைத் தாங்காது. 80,000 கையிலிருந்து கொண்டுவர வேண்டும். எண்ணெய்க் கடைக்கு ஒரு லட்சம் போக மிஞ்சும் 6,36,000த்தோடு அந்த 80,000 சேர்ந்தால்தான் அத்தானுக்கு வரவேண்டிய 7,16,000 வரும்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தவர், தாளைத் திருப்பி நடப்புக் கணக்குப் பக்கத்துக்கு வந்தார். அங்கே அவர் பெயரில், வரவான 3,84,000க்கு மேல் எடுத்த 30,000 பற்று.

“இது நான் கம்பெனிக்குத் தரணுமா?”

ஆமாம் என்றேன்.

“இதுக்கு வட்டி உண்டா சார்?”

டீடில் எழுதியிருந்தால் உண்டு, நாம் எழுதவில்லை என்றேன். அடுப்புப் பக்கமிருந்து அத்தான் குரல் வந்தது. “எழுதிருவோம் மாப்ள.”