100-லிருந்து 87-க்கு: போட்டோஸ்டேட் இயந்திரத்தில் மாதிரி வரைபடம்

தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயன் வீட்டின் கட்டட வரைபடம் 1:100 விகிதத்தில் இருக்கிறது. அதை 1:87 ரயில் மாதிரிக்குப் பக்கத்தில் நிறுத்த வேண்டும். பழைய எண்ணைப் புதிய எண்ணால் வகுத்து நூறால் பெருக்குங்கள்: 100 ÷ 87 × 100 = 114.9. போட்டோஸ்டேட் கடையில் 115 சதவீதம் என்று கேட்டால் போதும். பலர் தலைகீழாக வகுத்து 87 என்று சொல்லிவிடுகிறார்கள். மாதிரி பெரிதாக வேண்டுமென்றால் விடை நூறைத் தாண்டியே தீரும்.

வரைபடத்தில் விகிதம் போடவில்லையா? அளவு தெரிந்த ஒரு பொருளை அதில் தேடுங்கள். 1885-இல் ஓடத் தொடங்கிய தைப்பிங்–போர்ட் வெல்ட் ரயில் காலத்திலிருந்து நம் மலேசிய ரயில் பாதையில் இரு தண்டவாளங்களுக்கு இடையிலான அகலம் 1000 மி.மீ. இஞ்சின் படத்தில் அது 13.2 மி.மீ. இருந்தால், 1000 ÷ 13.2 = 75.8, ஆகவே படம் 1:76. ஆனால் இவ்வளவு சிறிய இடைவெளியை அளக்கும்போது கால் மில்லிமீட்டர் பிசகினாலே 2 சதவீதம் போய்விடும். இஞ்சினின் முழு நீளம் தெரிந்தால் அதை வைத்துக் கணக்கிடுவதே நல்லது.

கணக்கு சரியாக இருந்தும் நகல் தவறலாம். இயந்திரம் நீளத்தையும் அகலத்தையும் ஒரே வழியில் பெரிதாக்குவதில்லை. கண்ணாடிக்கு அடியில் விளக்கு நகரும் திசையில், அது நகரும் வேகமே அளவைத் தீர்மானிக்கிறது. குறுக்குத் திசையில், பழைய இயந்திரங்களில் லென்ஸ் இடம் மாறும்; டிஜிட்டல் இயந்திரங்கள் புள்ளிகளைக் கணக்கிட்டுக் கூட்டும் அல்லது குறைக்கும். இரண்டு திசையும் இம்மி பிசகாமல் ஒத்துப்போகும் என்று நம்ப முடியாது. போதாததற்கு, மையை உருக்கி ஒட்டும் உருளையின் சூட்டில் தாள் ஈரம் இழந்து சுருங்கும். சுங்கை சிப்புட் போன்ற ஊரில் மழை நாளில் கட்டுப் பிரித்து வைத்த தாள் ஏற்கனவே ஈரம் குடித்திருக்கும். அதனால் சுருக்கமும் கூடும்.

ஆகவே நகலெடுக்கும் முன் மூல வரைபடத்தின் ஓரத்தில், கூர்மையான பேனாவால் 100 மி.மீ. கோடு இரண்டு போடுங்கள்: ஒன்று நெடுக்கில், மற்றது குறுக்கில். 115 சதவீத நகலில் இரண்டும் 115 மி.மீ. இருக்க வேண்டும். சூடான தாளை உடனே அளக்காமல் ஒரு மணி நேரம் ஆறவிட்டு, இரும்பு அளவுகோலால் அளங்கள். இரண்டும் 113.9 என்று வந்தால், 115 × 115 ÷ 113.9 = 116; அடுத்த நகலை 116-இல் எடுங்கள். ஒன்று மட்டும் குறைந்தால், நீளத்துக்கும் அகலத்துக்கும் தனித்தனிச் சதவீதம் தரும் வசதி இயந்திரத்தில் இருக்கிறதா என்று கடைக்காரரிடம் கேளுங்கள். இல்லையென்றால் இரண்டு தவணையாக எடுக்கலாம்: முதலில் 107, பிறகு அந்த நகலைக் கண்ணாடியில் 90 பாகை திருப்பி வைத்து 108. ஒரு திசையின் பிழை இரண்டு பக்கமும் சமமாகப் பரவி, வடிவம் கோணாது. மற்றபடி நகலின் நகலைத் தவிர்ப்பதே நல்லது. பிழை பெருகும், கோடும் தடிக்கும்.

40 மீட்டர் லயன் 1:87-இல் 460 மி.மீ.; ஏ3 தாளோ 420. அதனால் இரண்டு துண்டாக எடுத்து, ஒரு தூண் இரண்டிலும் விழும்படி ஒட்டுங்கள். ஓரத்தில் சில மில்லிமீட்டர் அச்சாகாது என்பதையும் கணக்கில் வையுங்கள்.

மாதிரிக்கான பாகங்களை வெட்ட, நகலை அட்டையில் ஒட்டும்போது வெள்ளைப் பசை வேண்டாம். அதிலுள்ள தண்ணீர் தாளை நீட்டிவிடும். ரப்பர் பசையில் தண்ணீர் இல்லை, பால் மரத்து ரப்பரைக் கரைப்பானில் கரைத்தது. தாள் அளவு மாறாது.

இயந்திரம் பெரிதாக்காதது ஒன்றுண்டு: அட்டையின் கனம். 1 மி.மீ. அட்டைச் சுவரைச் செருக வரைந்த பொருத்துத் துளை 115 சதவீதத்தில் 1.15 மி.மீ. ஆகும், சுவர் ஆடும். துளையைக் கோட்டின்படி வெட்டாமல், கையிலுள்ள அட்டையின் விளிம்பை அதன்மேல் நிறுத்திக் குறித்து வெட்டுங்கள்.