கிராம்பு மணமும் பல் டாக்டர் வெப்ராளமும்

சில வருடங்களுக்கு முன் ஒரு மாசி மாதம் நண்பரோடு மாறாமலை எஸ்டேட்டுக்குப் போயிருந்தேன். கிராம்பு பறிப்பு நேரம். முற்றத்தில் பாய் பாயாக மொட்டுகளைக் காயப் போட்டிருந்தார்கள். 2021-இல் புவிசார் குறியீடு வாங்கிய எங்கள் கன்னியாகுமரி கிராம்பு. நண்பர் ஒரு பிடி அள்ளி என் மூக்கருகே நீட்டி, "மணத்தப் பாத்தியா, கொள்ளாம் இல்லியா?" என்றார். எனக்கு உள்ளங்கை வியர்த்தது, நெஞ்சு படபடத்தது, பல்லும் உதடும் தானாக இறுகிக்கொண்டன.

வாய் இறுகியதை வைத்துத்தான் காரணம் பிடிபட்டது. ஒன்பது வயதில் நாகர்கோவிலில் ஒரு கிளினிக்கில், ஊசி போட்ட இடம் சரியாக மரத்துப்போகும் முன்பே என் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினார்கள். அந்த அறை முழுக்க இதே மணம். முப்பது வருடம் கழித்து மலைமேல், பக்கத்தில் ஒரு கொறடுகூட இல்லாத இடத்தில், உடம்பு மட்டும் அந்த நாற்காலிக்குப் போய்விட்டது. பயமும் பதற்றமும் இருப்புக்கொள்ளாமையும் ஒன்றாக ஏறும் இந்த நிலையை எங்கள் பக்கம் வெப்ராளம் என்பார்கள்.

கிளினிக்கில் கிராம்பு எப்படி வந்தது? கிராம்பு எண்ணெயின் பெரும்பகுதி யூஜினால் என்ற வேதிப்பொருள். துத்தநாக ஆக்சைடு பொடியில் யூஜினாலை விட்டுக் குழைத்தால் பசைபோலாகி இறுகும். சொத்தைப் பல்லைத் தற்காலிகமாக அடைக்கப் பல் மருத்துவர்கள் தலைமுறைகளாக வைத்திருக்கும் சரக்கு இது. பாட்டி பல்வலிக்குக் கிராம்பைக் கடித்துக்கொள்ளச் சொன்னதும் இதற்காகத்தான். நரம்பைக் கொஞ்சம் மரக்கச் செய்யும் குணம் யூஜினாலுக்கு உண்டு.

பார்ப்பதும் கேட்பதும் மூளைக்குள் தலாமஸ் என்ற சந்திப்பு வழியாகத்தான் மற்ற இடங்களுக்குப் பிரிந்து போகும். மணத்துக்கு மட்டும் குறுக்குப் பாதை ஒன்று இருக்கிறது. மூக்குக்கு மேலே உள்ள முகர்வுக் குமிழிலிருந்து அது நேராக அமிக்டலாவுக்குப் போய்விடும். அமிக்டலா என்பது பாதாம் பருப்பு வடிவில் இருக்கும் சிறு பகுதி, ஆபத்தைக் கண்காணிக்கும் காவல்காரன். ஒரு மணமும் கடுமையான வலியும் ஒரே நேரத்தில் வந்தால் இரண்டையும் முடிச்சுப் போட்டு வைத்துக்கொள்ளும். வலி பலமாக இருந்தால் ஒரு தடவையே போதும். அடுத்த முறை மணம் மட்டும் வந்தாலும் அட்ரீனலின் என்ற பதற்ற ஹார்மோன் சுரக்கும். இதயம் வேகமெடுக்கும், தசை முறுக்கேறும், வாய் வறளும். மணி அடித்தால் எச்சில் ஊறிய பாவ்லோவின் நாய்க்கு நடந்த அதே பாடம்தான் எனக்கும் நடந்திருக்கிறது. எச்சில் மட்டும் நேர்மாறு.

1998-இல் பிரான்ஸ் நாட்டு ஆய்வாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். பல் டாக்டரைக் கண்டால் பயப்படுகிறவர்கள், பயப்படாதவர்கள் இரு தரப்புக்கும் யூஜினாலை முகரக் கொடுத்து, நாடித்துடிப்பு, மூச்சு, தோலின் வெப்பம் போன்றவற்றை அளந்தார்கள். பயமில்லாதவர்களுக்கு அது நல்ல மணம். பயந்தவர்களின் உடம்பிலோ அச்சம், அருவருப்பு போன்ற உணர்ச்சிகளுக்குரிய மாற்றங்கள் தெரிந்தன. மாறாமலை முற்றத்தில் நண்பரும் நானும் நின்றதும் கிட்டத்தட்ட அந்தச் சோதனைதான். அவருக்கு அது விளைச்சல் மணம்.

அதனால்தான் 'இவ்வளவு பெரிய ஆளு, ஒரு பல்லுக்குப் பயப்படுறியே' என்ற கேலி எரிச்சலூட்டுகிறது. முட்டத்தில் எனக்குப் பழக்கமான மீனவர் ஒருவர் ஆனி ஆடிக் கடலிலும் வள்ளம் இறக்குகிறவர். பல்லைக் காட்டப் பத்து வருடம் போகவில்லை. ஏன் என்று கேட்டேன். "கடல்ல எஞ்சின் பிடி என் கையில இருக்கும் மக்கா. அங்க வாயத் தொறந்துட்டு மலந்து கெடக்கணும். நிறுத்துன்னு சொல்லவும் நாக்கு வராது" என்றார். எந்த மனநலப் பாடப்புத்தகமும் இதைவிடத் தெளிவாகச் சொல்லாது. கட்டுப்பாடு கையை விட்டுப் போகும்போது அதே அளவு வலி கூடுதலாகத் தெரியும், வரப்போகும் வலி இன்னும் பெரிதாகத் தெரியும். கூடவே அந்தக் கீச்சுச் சத்தம் வேறு. 1957 முதல் புழக்கத்தில் இருக்கும் காற்றுவிசை டிரில் நிமிடத்துக்கு 3 லட்சம் சுற்றுகளுக்கு மேல் சுழலும். காத்திருக்கும் அறை வரைக்கும் கேட்கும்.

பயந்தவர் என்ன செய்வார்? ஊரிலிருந்து பஸ் ஏறி நாகர்கோவில் வடசேரி பஸ் நிலையம் வரைக்கும் வருவார், கிளினிக் படியைப் பார்த்ததும் அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுவார். திரும்பும்போது வரும் நிம்மதியை மூளை பரிசாக எடுத்துக்கொள்ளும். அடுத்த முறை இன்னும் முன்னதாகவே திரும்பச் சொல்லும். இதற்கிடையில் சொத்தை ஆழமாகிச் சீழ் கட்டும்.

அங்கேதான் வேதியியல் குறுக்கே வருகிறது. மரப்பு ஊசியில் இருக்கும் லிக்னோகெய்ன் நரம்பில் என்ன செய்கிறது என்பதை நாஞ்சில் நாட்டு வயலை வைத்தே சொல்லலாம். வலிச்செய்தி நரம்பில் ஓட வேண்டுமானால் சோடியம் அயனிகள் உள்ளே பாய வேண்டும். அவை நுழையும் மடைகளை லிக்னோகெய்ன் அடைத்துவிடும். பேச்சிப்பாறை அணையில் எவ்வளவு தண்ணீர் திறந்தாலும் மடை அடைத்த வயலுக்கு வராது, அதுபோல. ஆனால் மடையை உள்பக்கமிருந்துதான் அடைக்க முடியும். உள்ளே போக, நரம்பைச் சுற்றியுள்ள கொழுப்புச் சவ்வைக் கடக்க வேண்டும். மின்னேற்றம் இல்லாத மூலக்கூறுகளே அதைக் கடக்கும். சீழ் பிடித்த இடம் அமிலத்தன்மையாக இருக்கும், அங்கே பெரும்பாலான மூலக்கூறுகள் மின்னேற்றம் பெற்று வெளியிலேயே நின்றுவிடும். மருந்து சரியாகப் பிடிக்காது. பயந்து தள்ளிப்போட்டவருக்கே வலி அதிகம், அந்த வலி அவர் பயத்தைச் சரிதான் என்று நிரூபித்தும் விடும். இப்படிப்பட்ட இடங்களில், முடிந்தால் சீழை விட்டுத் தள்ளி, நரம்புத் தண்டு வரும் வழியிலேயே ஊசி போடுவார்கள்.

ஊசி பற்றி இன்னும் இரண்டு விஷயம் முன்பே சொல்லியிருந்தால் எனக்குப் பாதி வெப்ராளம் குறைந்திருக்கும். மருந்து அங்கேயே தங்க, ரத்தக்குழாய்களைச் சுருக்குவதற்காக அதில் கொஞ்சம் அட்ரீனலின் கலந்திருப்பது வழக்கம். போட்டதும் சிலருக்கு நெஞ்சு அடித்துக்கொள்வது அதனால்தான், சில நிமிடத்தில் அடங்கிவிடும். (இதய நோய், பிரஷர் உள்ளவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.) இன்னொன்று: வலியைக் கடத்தும் மெல்லிய நரம்பிழைகள் முதலில் அடங்கும், அமுக்கத்தைக் கடத்தும் தடித்த இழைகள் அவ்வளவு சுலபத்தில் அடங்காது. ஆகவே பல்லை அசைப்பதும் தள்ளுவதும் தெரியும். வலி தெரியாது. தெரிந்தால் மரக்கவில்லை என்று அர்த்தம், உடனே சொல்லலாம்.

சரி, மணத்தையும் வலியையும் சேர்த்துப் போட்ட அந்த முடிச்சை எப்படி அவிழ்ப்பது? அவிழ்க்க முடியாது. அமிக்டலாவில் பதிந்த பழைய பாடம் பெரும்பாலும் அழிவதில்லை. அதன்மேல் 'இதே நாற்காலி, இதே மணம், ஒன்றும் ஆகவில்லை' என்ற புதுப் பாடத்தை நெற்றிக்குப் பின்னாலிருக்கும் மூளைப் பகுதி எழுத வேண்டும். ஒரு முறை எழுதினால் போதாது. அடிக்கடி எழுத வேண்டும். எனவே வலியில்லாத நாளில் முதலில் போவதுதான் புத்திசாலித்தனம். ஒரு நாள் சும்மா உட்கார்ந்து வாயைக் காட்டிவிட்டு வருவது, இன்னொரு நாள் பல் சுத்தம் செய்துகொள்வது, அடைப்பதெல்லாம் பிறகு. குழந்தைகளுக்கும் இதுவே. அலை தள்ளும் முன் பலமுறை சங்குத்துறைக் கடற்கரையில் கால் நனைத்த பிள்ளை, ஒரு நாள் கவிழ்ந்தாலும் கடலை வெறுப்பதில்லை.

மூச்சை மெதுவாக, குறிப்பாக வெளிவிடும் மூச்சை நீளமாக விட்டால், மூளையிலிருந்து இறங்கி வரும் வேகஸ் நரம்பு இதயத்துக்குக் கடிவாளம் போடும். ஆனால் ஊசியைக் கண்டதும் மயங்கி விழும் ரகத்தினர் சிலர் உண்டு. அவர்களுக்குக் கடைசியில் ரத்த அழுத்தம் சடாரென்று இறங்குகிறது. 'உடம்பைத் தளர விடுங்க' என்பது அவர்களுக்கு ஏற்ற ஆலோசனை அல்ல. கை, கால், வயிற்றுத் தசைகளைப் பத்துப் பதினைந்து நொடி இறுக்கிப் பிடித்து, விட்டு, மறுபடி இறுக்க வேண்டும்.

எனக்குப் பெரிதும் உதவியது முட்டத்துக்காரர் சொன்ன அந்த எஞ்சின் பிடிதான். ஆரம்பிக்கும் முன்பே டாக்டரோடு பேசிக்கொள்ள வேண்டும்: இடது கையைத் தூக்கினால் கருவியை வெளியே எடுத்துவிட வேண்டும், காரணம் கேட்கக் கூடாது. மார்த்தாண்டத்தில் இப்போது நான் போகும் டாக்டரம்மா இதற்குத் தயங்காமல் சம்மதித்தார். ஒவ்வொரு கருவியையும் பெயர் சொல்லி, கையில் காட்டி, பிறகே வாய்க்குள் கொண்டுபோனார்.

போன மாதம் ஒரு பல்லைத் தற்காலிகமாக அடைத்தார். தட்டில் பசையைக் குழைக்கும்போதே மாறாமலை மணம் வந்தது. நாடி ஒரு துள்ளு துள்ளியது. நான் கையைத் தூக்கினேன். உடனே நிறுத்தினார்.

"வலிக்குதா?"

"இல்ல டாக்டர். நிறுத்துவீங்களான்னு பாத்தேன்."