கலப்பையில் முறிவதற்கென்றே ஒரு போல்ட்

புரட்டாதி பிறந்தால் எங்கள் பட்டறை வாசலில் கலப்பைகள் வரிசைகட்டும். பெரும்பாலும் ஒரே கதைதான். சியர் போல்ட் முறிந்தது, கையில் கிடைத்த உரமான போல்ட்டைப் போட்டு உழுதார்கள், பிறகு கலப்பையின் கால் வளைந்தது அல்லது சட்டம் வெடித்தது.

கொழுவைத் தாங்கும் கால், சட்டத்தோடு இரண்டு போல்ட்டுகளால் பூட்டப்பட்டிருக்கும். ஒன்று கால் திரும்புவதற்கான அச்சு, மற்றது சியர் போல்ட். கொழு கல்லிலோ வேரிலோ மாட்டினால் சியர் போல்ட் அறுந்து, கால் பின்னுக்கு மடிந்து தப்பிக்க வேண்டும். வன்னியில் இது அடிக்கடி நடப்பதில் வியப்பில்லை. போரால் இடம்பெயர்ந்திருந்த ஆண்டுகளில் காடு மூடிய வயல்களை டோசர் விட்டுத் துப்புரவாக்கினோம். மேலே மரம் போனது, கீழே பாலையும் வீரையும் வேரோடு இருக்கின்றன. மூடிய பதுங்குகுழிகளின் பனங்குற்றிகளும் அப்படியே. போதாதற்கு, மழைக்கு முந்திய புழுதி உழவில் செம்மண் இறுகிக் கிடக்கும்.

போல்ட்டின் தலையைத் துடைத்துப் பாருங்கள். 4.6, 8.8, 10.9 என்று போல்ட்டின் வலிமைத் தரம் ஏதாவது பொறித்திருக்கும். 8.8 போல்ட் இழுப்பைத் தாங்கும் வலிமை 4.6 போல்ட்டைப் போல இரு மடங்கு. சில கலப்பைகளுக்கு உற்பத்தியாளரே 8.8 போடச் சொல்வதுண்டு. ஆகவே வலிமை குறைந்ததுதான் எப்போதும் சரி என்பதல்ல, உங்கள் கலப்பைக்குச் சொன்னதே சரி. தடிப்பும் அப்படித்தான். 10 மில்லிமீட்டருக்குப் பதிலாகத் துளையைப் பெருப்பித்து 12 போட்டால், அறுபட வேண்டிய இரும்பு ஏறக்குறைய ஒன்றரை மடங்காகிவிடும். கம்பித் துண்டையோ ஆணியையோ செருகுவதைப் பற்றிப் பேசவே வேண்டாம். கூலிக்கு ஓட்டும் சாரதிக்கு அன்றைய ஏக்கர் முடிந்தால் போதும். சட்டத்தை ஒட்டுவதற்குக் காசு கொடுப்பவர் உரிமையாளர். கலப்பைப் பெட்டியில் சரியான போல்ட்டுகளைப் போட்டுவைப்பது அவர் வேலை. உழவு இயந்திரத்தின் சுழற்சியைக் கருவிக்குக் கடத்தும் பி.டி.ஓ. தண்டில் சியர் போல்ட் உள்ள ரொட்டவேற்றருக்கும் (சுழலும் கத்திகளால் மண்ணைக் கிளறும் கருவி) இதே கணக்குத்தான். அங்கே நொறுங்குவது கியர்பெட்டி.

முறிந்த துண்டை எறியுமுன் அதன் முகத்தைப் பாருங்கள். தட்டையாக, இழுபட்டுப் பளபளத்தால் ஒரே அடியில் அறுந்தது. வளைந்து, ஓரம் தேய்ந்திருந்தால் நட் தளர்ந்து நாளாகியிருக்கிறது. துளையும் முட்டை வடிவத்துக்கு வந்திருக்கும், அதைச் சரிசெய்யாமல் புதுப் போல்ட் நிலைக்காது. போல்ட் முறியாமலே கால் வளைந்தால், அச்சுப் போல்ட் துருப்பிடித்து இறுகியிருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். கால் மடிய முடியாவிட்டால் சியர் போல்ட் இருந்தும் பயனில்லை.

மாற்றும்போது கலப்பையைக் கொஞ்சம் தூக்கி, காலுக்கு இடம் விட்டு, சட்டத்தின் கீழே பலமான மரக்கட்டைகளை அடுக்கி அதன்மேல் இறக்கி, இயந்திரத்தை நிறுத்திச் சாவியை எடுத்துவிடுங்கள். ஹைட்ரோலிக்கை மட்டும் நம்பி அடியில் கை வைக்கக் கூடாது. மாட்டிய துண்டுக்கு மண்ணெண்ணெய் விட்டுச் சற்றுப் பொறுத்து, துளையைவிட மெல்லிய கம்பியால் தட்டினால் வெளியே வரும். துளைகள் நேராகிவிட்டனவா என்று விரலை விட்டுப் பார்க்கும் பழக்கம் இங்கே பலருக்கு உண்டு. கால் ஒருமுறை நழுவினால் விரல் போய்விடும். காலை அலவாங்கால் நெம்பி, துளைகளைக் கம்பியால் நேர்ப்படுத்துங்கள். போல்ட்டின் மரை வெட்டிய பகுதி அறுபடும் இடத்தில் வராமல், வழவழப்பான தண்டு வரும்படி நீளத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஒரே இடத்தில் இரண்டாவது முறையும் முறிந்தால், மூன்றாவது போல்ட்டைத் தேடாதீர்கள். அங்கே இருப்பது வேராகவும் இருக்கலாம், 2009க்கு முந்திய எறிகணையாகவும் இருக்கலாம். மண்வெட்டியால் கிண்டிப் பார்க்க வேண்டாம். துருப்பிடித்த உலோகம் கண்ணில் பட்டால் இயந்திரத்தை அசைக்காமல் அணைத்துவிட்டு, வந்த சில்லுத் தடத்திலேயே நடந்து வெளியேறி, தூரத்தில் நின்று அடையாளம் வைத்து, பொலிஸாருக்கும் கிராம அலுவலருக்கும் சொல்லுங்கள். கண்ணிவெடி அகற்றுவோர் வந்து பார்த்துச் சொல்லும்வரை இயந்திரம் அங்கேயே நிற்கட்டும். பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள்.