அபே: தேவாலயமா, மடமா?

இங்கிலாந்தின் பழைய இடிபாடுகளைப் பற்றித் தமிழில் எழுதும்போது 'அபே' (abbey) என்ற சொல்லைத் 'தேவாலயம்' என்று மாற்றிவிடுவது உண்டு. அது சரியில்லை.

சொல்லின் வேர் அரமேய மொழியின் 'அப்பா'. பொருள் தந்தைதான். தமிழ் பைபிளில் 'அப்பா, பிதாவே' என்று வருவது அந்த அரமேயச் சொல்லே. நம் 'அப்பா'வோடு ஒலி பொருந்துகிறது என்பதற்காக இரண்டும் ஒன்று என்று சொல்லிவிட முடியாது. அரமேயத்திலிருந்து கிரேக்கம் வழியாக லத்தீனுக்குப் போய் 'அப்பாஸ்' ஆனது. துறவிகளின் தலைவருக்கு அதுவே பட்டம். அவர் தலைமையில் இயங்கும் மடம் 'அப்பாத்தியா'. அதுவே பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தில் 'அபே' ஆயிற்று. ஆக, சொல் குறிப்பது ஒரு கட்டடத்தை அல்ல, ஒரு தலைவரின் கீழ் வாழும் துறவிகளையும் அவர்கள் இருப்பிடத்தையும்.

யார்க்‌ஷயரில் உள்ள ஃபவுண்டன்ஸ் அபேயைப் பார்த்தால் இது விளங்கும். யார்க் நகர மடத்தில் ஒழுங்கு தளர்ந்துவிட்டது என்று மோதி வெளியேறிய 13 துறவிகள், 1132இல் ஸ்கெல் ஆற்றுப் பள்ளத்தாக்கில் அதைத் தொடங்கினார்கள். சில ஆண்டுகளில் சிஸ்டர்சியன் என்ற துறவியர் சபையில் சேர்ந்தார்கள். 1098இல் அந்தச் சபை பிறந்த பிரான்சின் சீத்தோவுக்கு லத்தீனில் சிஸ்டர்சியம் என்று பெயர். சபையின் பெயரும் அதிலிருந்து வந்ததே. சாயம் தோய்க்காத கம்பளி அங்கி அணிந்ததால் 'வெள்ளைத் துறவிகள்' என்றும் அழைக்கப்பட்டார்கள்.

இன்று அங்கே கூரையில்லாத தேவாலயம் ஒரு பகுதிதான். மேற்கே சுமார் 90 மீட்டர் நீளத்துக்கு ஒரு கல் மண்டபம் ஓடுகிறது. நடுவே ஒற்றை வரிசைத் தூண்கள். வளைவுகள் போதிகை ஏதுமின்றித் தூணிலிருந்தே கிளைத்து விரிகின்றன. பண்டகசாலையும், உழைப்பாளிச் சகோதரர்கள் சாப்பிட்ட இடமும் அதுதான். நிலத்தையும் ஆட்டு மந்தைகளையும் கவனித்தவர்கள் அவர்கள். மடத்தைச் செல்வச் செழிப்பாக்கியது கம்பளி வியாபாரம். 1539இல் மன்னர் எட்டாம் ஹென்றி மடத்தை மூடவைத்தார். அப்புறம் கூரையின் ஈயத்தைக் கூடப் பெயர்த்தெடுத்துவிட்டார்கள்.

தமிழில் 'துறவு மடம்' என்பதே பொருத்தம், தலைவர் 'மடாதிபதி'. நிலமும் கிளை மடங்களும் இருப்பதால் 'ஆதீனம்' நெருங்கி வருகிறது. ஆனால் அது சைவ மரபோடு ஒட்டிய சொல். தவிர, ஆதீனத்தில் போலன்றி, சிஸ்டர்சியன் மடாதிபதியைத் துறவிகளே கூடித் தேர்ந்தெடுப்பார்கள்.

லண்டனின் வெஸ்ட்மின்ஸ்டர் அபே ஒரு விலக்கு. 1540இல் மடம் கலைந்தபின் அது தேவாலயமாகவே நிலைத்தது, பெயர் மாறவில்லை. தேவாலயம் என்ற குழப்பத்துக்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். அதை ஊர்ப்பெயர் போலக் கருதி அப்படியே எழுதிவிடலாம்.