வளர்ச்சித் தாமதம்: மாவட்ட மையத்தில் என்ன கேட்டு வாங்க வேண்டும்?

குழந்தை உரிய வயதில் உட்காரவில்லை, நடக்கவில்லை, பேசவில்லை என்றால் அதைக் கண்டறிந்து கவனிக்க ஆர்.பி.எஸ்.கே. என்ற மத்திய அரசுத் திட்டம் 2013 முதல் நடப்பில் இருக்கிறது. பிறந்தது முதல் 18 வயது வரை பொருந்தும். நடமாடும் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இருமுறை, அரசுப் பள்ளிக்கு ஒருமுறை வந்து பரிசோதிக்க வேண்டும். சந்தேகம் இருந்தால் டி.இ.ஐ.சி. எனப்படும் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்குச் சீட்டு எழுதித் தருவார்கள். குழு வந்த அன்று குழந்தை லீவா? அடுத்த சுற்று வரை காத்திருக்காதீர்கள், நேரே மையத்துக்குப் போங்கள். பரிசோதனையும் பயிற்சியும் இலவசம். மாற்றுத்திறனாளிச் சான்று இல்லாமலே பயிற்சியைத் தொடங்கலாம். சான்று தேவைப்படுவது உதவித்தொகை, நிரமயா என்ற மருத்துவக் காப்பீடு போன்றவற்றுக்கு.

தடுப்பூசி அட்டை, பிரசவ டிஸ்சார்ஜ் சம்மரி இரண்டையும் எடுத்துப் போங்கள். குறைமாதத்தில் பிறந்த குழந்தை என்றால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். இரண்டு வயது வரை, பிறந்த நாளிலிருந்து அல்ல, பிரசவத் தேதி என்று மருத்துவர் முன்பே குறித்துக் கொடுத்த நாளிலிருந்துதான் வயதைக் கணக்கிட வேண்டும். பேச்சுத் தாமதம் என்றால் முதல் வேலை காது பரிசோதனை. வீட்டில் பெயர் சொன்னால் திரும்புகிறான் என்பதற்காக அதைத் தள்ளிப்போட வேண்டாம்.

மையத்தில் நடக்கும் மதிப்பீட்டில் பெரும்பாலும் குழந்தை செய்யாதவை மட்டுமே பட்டியலாகும். புது இடம், புது முகம். தெரிந்ததையும் குழந்தை அங்கே செய்துகாட்டாது. வீட்டில் விளையாடுவதை இரண்டு நிமிடம் போனில் படம்பிடித்துக் காட்டுங்கள். எது பிடிக்கும், எதில் நீண்ட நேரம் ஈடுபடும், யாரோடு சிரிக்கும் என்று எழுதிக் கொடுங்கள். பயிற்சித் திட்டம் இதிலிருந்துதான் தொடங்க வேண்டும். பொம்மைக் காரை உருட்டிக்கொண்டே இருக்கும் குழந்தைக்கு அந்தக் காரை வைத்தே 'உன் முறை, என் முறை' பழக்கலாம். வேண்டும் என்று கை நீட்டிக் கேட்கவும் பழக்கலாம். பிடித்த பொருளைப் பிடுங்கி வைத்துவிட்டு, 'சொன்னால்தான் தருவேன்' என்று மிரட்டுவது இதற்கு நேர் எதிர்.

பயிற்சித் திட்டத்தில் இலக்காக 'பேச்சை மேம்படுத்தல்' என்று எழுதித் தந்தால் ஏற்காதீர்கள், அதை வைத்து எதையும் அளக்க முடியாது. 'மூன்று மாதத்தில், சாப்பிடும்போதும் விளையாடும்போதும், வேண்டியதைச் சுட்டிக்காட்டிக் கேட்பான்' என்று எழுதச் சொல்லுங்கள். வாரத்துக்கு அரை மணி நேரப் பயிற்சி மட்டும் போதாது. குளிக்கும்போது, உடுத்தும்போது செய்ய வேண்டியதைப் பயிற்சியாளரிடம் செய்துகாட்டச் சொல்லிக் கற்றுக்கொள்ளுங்கள். பயிற்சித் திட்டத்தின் நகல் ஒன்றை அங்கன்வாடிப் பணியாளரிடமும் கொடுங்கள்.