பருத்தி விதை பொய்த்தால் விவசாயி எங்கே முறையிடலாம்?

மரபணு மாற்றிய பயிர்களில் இந்திய விவசாயி சட்டப்படி பயிரிடக்கூடியது, காய்ப்புழுவைக் கொல்லும் நஞ்சைத் தானே உண்டாக்கும் பி.டி. பருத்தி ஒன்றுதான். 2002-ல் அனுமதி கிடைத்தது. தமிழ்நாடு உட்பட நான்கு மாநிலங்களின் விவசாயக் குடும்பங்களை 2008 வரை பின்தொடர்ந்த ஓர் ஆய்வு, ஏக்கருக்கு மகசூல் 24 சதவீதமும் லாபம் 50 சதவீதமும் கூடியதாகக் கண்டது. பின்னர் இளஞ்சிவப்புக் காய்ப்புழு அந்த விதையின் நஞ்சைத் தாங்கப் பழகிவிட்டது. மருந்துச் செலவு மறுபடி ஏறியது. கடன் வாங்கி விதைத்தவருக்கு ஒரு பருவம் பொய்த்தாலே முன்பு சேர்த்ததெல்லாம் போய்விடும். அதனால் விதையின் விலை, தரம் பற்றிய தன் உரிமைகளை ஒவ்வொரு பருத்தி விவசாயியும் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

முதலில் விலை. தொடக்கத்தில் ஒரு பாக்கெட் 1,600 ரூபாய்க்கு மேல் விற்றது. 2015-ம் ஆண்டின் பருத்தி விதை விலைக் கட்டுப்பாட்டு ஆணைக்குப் பிறகு மத்திய அரசே ஆண்டுதோறும் உச்ச விலையை அறிவிக்கிறது. 2024-25 பருவத்தில் இரண்டாம் தலைமுறை பி.டி. விதைக்கு அது 864 ரூபாய். அந்தந்த ஆண்டு அறிவித்த உச்ச விலைக்கு மேல் கேட்பது சட்டமீறல்.

விதை முளைக்கவில்லை, அல்லது சொன்ன தரத்தில் இல்லை என்றால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். விவசாயியும் நுகர்வோரே என்று 2012-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. ‘பரிசோதனைக்கு மாதிரி விதை எங்கே?’ என்று நிறுவனங்கள் கேட்டு வழக்கை முடக்கிவந்தன. வாங்கிய விதையை எல்லாம் விதைத்துவிடும் விவசாயி எதை எடுத்துவைப்பார்? மாதிரியைப் பாதுகாக்க வேண்டியவர் விற்பவர்தான். விதை விதிகள் அப்படித்தான் சொல்கின்றன. நீதிமன்றமும் அதையே சுட்டிக்காட்டியது. எனக்குத் தெரிந்து சிறு விவசாயிக்கு இதைவிடப் பயனுள்ள தீர்ப்பு விதை விஷயத்தில் இல்லை.

புகாரை நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே கொடுக்கலாம். இரண்டு ஆண்டுக்குள் கொடுக்க வேண்டும். விதைக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. ரசீது, குவியல் எண் (லாட் நம்பர்) உள்ள காலி பாக்கெட், பயிர் நிலத்தில் நிற்கும்போதே வேளாண்மை அலுவலர் பார்வையிட்டுத் தந்த அறிக்கை ஆகிய மூன்றும் கையில் இருக்கட்டும். பழி மழைமீதோ புழுமீதோ போடப்படும்போது அந்த அறிக்கைதான் பேசும்.

பயிர் ரகங்கள் மற்றும் விவசாயிகள் உரிமைப் பாதுகாப்புச் சட்டம் (2001) இன்னொரு வழி. அதில் பதிவான ரகம், நிறுவனம் கூறிய விளைச்சலைத் தராவிட்டால் 39(2) பிரிவின்படி அந்தச் சட்டத்தின் ஆணையத்திடம் இழப்பீடு கோரலாம்.

களைக்கொல்லியைத் தாங்கும் பருத்தி என்று ரகசியமாக விற்கப்படும் விதைக்கு அனுமதியே இல்லை. ரசீதும் தரமாட்டார்கள். அது பொய்த்தால் யார்மீது வழக்குப் போடுவது என்றே தெரியாது.